கதவில்லாத ஞாயிற்றுக்கிழமை

தச்சருக்குக் கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவர், பட்டறைக் கொட்டகையில் மூன்று பலகை இருந்த இடத்தில் ஒரே ஒரு பலகை சாய்ந்திருப்பதைப் பார்த்தார். அன்று அவர் துடைத்த துடைப்பில் கண்ணாடியின் கால் ஒன்று கையோடு வந்துவிட்டது.

அவை சாதாரணப் பலகைகள் அல்ல. சபையில் ஒருவர் தன் தோட்டத்து மரத்தை வெட்டி, ஆலயத்தில் அப்பமும் ரசமும் வைக்கும் திருவிருந்து மேசைக்கென்று காணிக்கையாகக் கொடுத்தவை. ஒவ்வொன்றும் ஓரடி அகலம், ஏழடி நீளம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இழைத்து, வரிசை மாறாமலிருக்கக் குறுக்கே சிவப்புப் பென்சிலால் பெரிய முக்கோணம் ஒன்று போட்டிருந்தார். முக்கோணம் கூடினால் பலகைகள் சரியாகச் சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். இப்போது அதில் ஒரு மூலைதான் மிச்சம். அடுத்த ஞாயிறு மேசை ஆலயத்தில் இருந்தாக வேண்டும்.

"வாளி போச்சு, கொடிக்கயிறு போச்சு, ரெண்டு தட்டு போச்சு. அப்பவே தலையில அடிச்சுக்கிட்டேன்," என்றாள் மனைவி.

உண்மைதான், அடித்துக்கொண்டாள். சுமை தூக்கும் நெட்டையன், பிள்ளைத்தாய்ச்சி மனைவியோடு பின்சந்தில் தகரக் குடிசை போட்ட நாளிலிருந்தே ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். தச்சர்தான் ஒவ்வொரு முறையும், இல்லாதவங்க, போனாப் போகட்டும் என்று பெரிய மனசு பண்ணிக்கொண்டிருந்தார். வாளி விஷயத்தில் அவருக்குப் பெரிய மனசு சுலபமாக வந்தது. வீட்டுக்குத் தண்ணீர் பிடிப்பது அவரில்லை.

திங்கட்கிழமை காலை சுத்தியலும் குறடும் எடுத்துக்கொண்டு பின்சந்துக்குப் போனார். தேட வேண்டியிருக்கவில்லை. முன்பு சாக்கு தொங்கிய வாசலில் ஒரு புதுக் கதவு நின்றது. பலகை இரண்டில் ஒன்றைத் தலைகீழாக வைத்துச் சேர்த்திருந்ததால் சிவப்புக் கோடுகள், சண்டை போட்ட ஓரகத்திகள் போல ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. துருப்பிடித்த ஆணிகள் இருபத்தாறு. கீலுக்குப் பதிலாக அறுந்த பெல்ட்டுத் துண்டுகள். வாசல் குட்டை என்பதால் ஒன்றரை அடியை அறுத்தும் தள்ளியிருந்தான். கதவிடுக்கு வழியே பார்த்தால், அறுத்த துண்டு உள்ளே அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. பிடுங்கிக்கொண்டு போனாலும் இனி மேசைக்கு ஆகாது.

நெட்டையன் வேலைக்குப் போய்விட்டிருந்தான். அவன் மனைவி பதினோரு நாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். குறடைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நாய் உள்ள வந்துடுச்சு அண்ணே," என்றாள். "நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள பிள்ளையோட காலை நக்கிக்கிட்டு நின்னுச்சு. அதான் அவரு..."

அழவில்லை. கழற்றுவதானால் கழற்றிக்கொள்ளுங்கள் என்பதுபோல் ஒதுங்கி நின்றாள்.

தச்சர் மனசுக்குள் ஒரு சண்டையே போட்டார். ஆண்டவரே, நீரும் தச்சர்தானே, உம்முடைய பட்டறையில் இரண்டு பலகை போயிருந்தால் தெரிந்திருக்கும் என்றார். ஆனால் அந்த ஆளிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு இன்னொன்றையும் சேர்த்துக் கொடு என்று வாயால் சொன்னதோடு நிற்காமல், உடம்பிலிருந்த துணிவரைக்கும் கொடுத்துவிட்டுப் போனவர் அவர். அவரிடம் என்ன நியாயம் பேசுவது?

அந்த நேரம் பார்த்து காற்று கதவைத் தள்ள, அது தரையைப் பிறாண்டிக்கொண்டு கிறீச்சிட்டது. பிள்ளை திடுக்கிட்டு வீறிட்டது. தச்சர் வீட்டுக்குத் திரும்பிப்போய், இரண்டு இரும்புக் கீலும் ஒரு கொண்டியும் இழைப்புளியும் எடுத்து வந்தார். கதவைக் கழற்றி, அடியை இழைத்து, நேராக மாட்டி, கொண்டியும் போட்டுக் கொடுத்தார். மன்னித்துவிட்டாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கோணலாகத் தொங்கும் கதவைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

புதன்கிழமை சபைச் செயலாளர் மேசையைப் பார்க்க வந்தார். ஒரு பலகைதானே இருக்கிறது, மற்ற இரண்டும் எங்கே என்று கேட்டார். நெட்டையன் பெயரைச் சொன்னால் அடுத்த அரைமணியில் போலீஸ் பின்சந்தில் நிற்கும். தச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஞாயிறு மேசை வந்துவிடும் என்று மட்டும் சொன்னார். செயலாளர் போகும்போது, காணிக்கை மரம் ஆச்சே, சபை கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று இழுத்தார். இருபத்தைந்து வருஷத்தில் தச்சரிடம் யாரும் அப்படி இழுத்ததில்லை. அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்று சாயங்காலம் முழுக்கத் தன் வீட்டு வாசற்கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணமான புதிதில் அவரே செய்தது. அதே ஜாதி மரம், அதே ஓரடிப் பலகைகள். அவர் பார்வை போன திசையைப் பார்த்ததும் மனைவி கைவேலையைப் போட்டுவிட்டு வந்து கதவின்மேல் சாய்ந்து நின்றாள்.

"பலகை போனதுக்குக் கதவைக் குடுக்குறீங்க," என்றாள். "வாளி போனதுக்குக் குழாயையே பிடுங்கிக் குடுத்துடுவீங்களா?"

தச்சர் எழுந்துபோய்க் கதவை முழம்போட்டு அளந்தார். அவள் இரண்டு வேளை அவரோடு பேசாமலிருந்துவிட்டு, மூன்றாவது வேளை பழைய படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து வாசல் அளவுக்கு மடித்து ஓரம் தைக்க ஆரம்பித்தாள். அதுதான் அவள் சம்மதம்.

வியாழக்கிழமை கதவைக் கழற்றும்போது நெட்டையன் சந்துமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வரலாமா ஓடலாமா என்று கால் மாற்றி மாற்றி நின்றான். தச்சர் தலையைத் தூக்காமலே கூப்பிட்டார்.

"இங்க வாப்பா. ரெண்டு பலகையைத் தனியாளாத் தூக்கிட்டுப் போனவனுக்கு ஒரு கதவோட ஒரு முனை பெரிசா? பிடி."

நெட்டையன் வந்து பிடித்தான். இருவரும் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு எதற்கு என்று அவன் கேட்கவில்லை. சுவரில் சாய்ந்திருந்த ஒற்றைப் பலகையையும் அதிலிருந்த சிவப்பு மூலையையும் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

சனிக்கிழமை மேசை ஆலயத்துக்குப் போனது. இரண்டு பலகை கறுத்தும் ஒன்று வெளுத்தும் இருந்தன. தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில் தக்கை வைத்து அடைத்திருந்தார். செயலாளர் குனிந்து பார்த்து ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள், போதகர் மேலே வெள்ளைத் துணியை விரித்துவிட்டார். துணிக்கு மேலே எல்லாம் ஒரே நிறம்.

ஞாயிறு ஆராதனையில் மனைவி ஜெபத்துக்குக்கூடக் கண்ணை மூடவில்லை. தையல் மிஷின், அண்டா, பீரோவின் ஓட்டைப் பூட்டு என்று அவளுக்கு வரிசையாக ஞாபகம் வந்துகொண்டிருந்தது. தச்சர் கண்ணை மூடினார், ஆனால் மூடிய கண்ணுக்குள் உளிகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். போதகர் ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் இருவரும் யாரோடும் நின்று பேசாமல், நடையும் ஓட்டமுமாக வீட்டுக்கு வந்தார்கள்.

வாசலை அடைத்துக்கொண்டு, தொங்கும் விரிப்புக்கு முன்னால் நெட்டையன் உட்கார்ந்திருந்தான். நீளக் கால்களை மடக்க இடமில்லாமல் தெருவில் நீட்டியிருந்தான். சந்தையில் சுமை அதிகம் வருகிற நாள் ஞாயிறுதான். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறான். அவர்களைப் பார்த்ததும் எழுந்தான்.

"நீங்க கிளம்பினதுல இருந்து இங்கதான் இருக்கேன் அண்ணே," என்றான். "கதவு இல்லாத வீடு. நம்ம தெருவுல யாரையும் நம்ப முடியாது."

அவன் முகத்தில் விளையாட்டு துளிகூட இல்லை. தச்சருக்குச் சிரிப்பதா, வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. நூல் கட்டிய கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமில்லாமல் அவர் அதைத் துடைத்தது அன்றுதான்.

மனைவியின் பார்வை வேறெங்கோ இருந்தது. நெட்டையனும் அதைத் தொடர்ந்து கீழே பார்த்தான். இவ்வளவு நேரம் அவன் உட்கார்ந்திருந்தது ஒரு நீல வாளியின் மேல். கவிழ்த்துப் போட்டிருந்தான். பிடியில் அவள் சுற்றிய சிவப்புத் துணி அப்படியே இருந்தது. அவன் முகம் செத்துப்போனது. வாளியை எடுத்து, தோள் துண்டால் அடியைத் துடைத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான்.

அவள் வாங்கவில்லை.

"இருக்கட்டும், வச்சுக்க," என்றாள். "புதுக் கதவு போட இன்னும் ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் நின்னுக்கிட்டேவா காவல் இருப்ப?"