மன்னிக்க வந்த மருமகன்

டெராமான் படியேறியபோது மாமியார் மெக் லிமோவின் உடலைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். காட்டுச் சேறு ஒட்டிய காலோடு வாசலிலேயே நின்றான்.

மனைவி சரிபா வெளியே வந்து அவன் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று எட்டு மணிக்கே போன் செய்திருந்தாள். அப்போது அவன் புடோ மலையில், இருவாச்சிப் பறவைகளைக் கணக்கெடுக்கும் வேலையாக, ஒரு கூட்டுக்கு எதிரே மறைவில் உட்கார்ந்திருந்தான். பொந்தின் வாயைச் சேற்றால் அடைத்துக்கொண்டு பெட்டை உள்ளே கிடந்தது. விரலளவு இடுக்கு வழியே சேவல் ஊட்டும் அத்திப்பழம்தான் அதற்கும் குஞ்சுக்கும் சோறு. முந்தைய நாள் முழுக்கச் சேவல் வரவில்லை. அது வருவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்துவிட்டான்.

“எத்தனை பழம் ஊட்டுச்சு, அபே? எண்ணிட்டுத்தானே வந்திருப்பீங்க” என்றாள்.

பதினேழு என்பது வாய்வரை வந்தது. நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டான்.

மூன்று வருடங்களுக்கு முன் குஞ்சு திருட மரமேறிய மெக் லிமோவின் மகன் ஜேமாட்டை வனக்காவலர்களிடம் காட்டிக்கொடுத்தது டெராமான்தான். மகன் சிறைக்குப் போன நாளிலிருந்து அவள் மருமகன் கையால் தண்ணீர்கூட வாங்கியதில்லை. கடைசி வாரத்தில் அவன் கஞ்சிக் கரண்டியை நீட்டியபோதும் உதட்டை இறுக்கிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தொழுகை முடிந்ததும் இமாம், மெக் லிமோவால் யாருக்காவது மனக்கஷ்டம் இருந்தால் மன்னித்துவிடச் சொன்னார். எல்லோரும் டெராமானைப் பார்த்தார்கள்.

“மன்னிச்சேன்” என்றான்.

தண்டனை முடிந்து வந்திருந்த ஜேமாட் முன்வரிசையிலிருந்து திரும்பினான். “எங்கம்மாவை மன்னிக்க நீ யாருடா?”

இமாம் அவனை அடக்கி, உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கச் சொன்னார். முன்கால் ஜேமாட் தோளில், பின்கால் டெராமான் தோளில். ஜேமாட் வேண்டுமென்றே வேகமாக நடந்தான்.

கபரில் மண் தள்ளிக்கொண்டிருந்தபோது மலையில் இருவாச்சி கத்தியது. ஹூப், ஹூப் என்று விட்டுவிட்டு ஆரம்பித்து, நெருங்கி நெருங்கி வந்து, பெருஞ்சிரிப்பாக வெடித்தது. மாமியார் வீட்டுத் தூணை வெட்டிச் சாய்த்துவிட்டுச் சிரித்த ஒரு மருமகன்தான் அந்தப் பறவையானான் என்பார்கள்.

“உன் ஆளுதான் கூப்பிடுது. பாரு” என்றான் ஜேமாட்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கத்தி முடித்தால் சேவல் நேராகக் கூட்டுக்குத்தான் போகும். இந்த வருடம் எந்த மரம் என்பது ஊரில் டெராமானுக்கு மட்டுமே தெரியும். ஜேமாட் மலையைப் பார்க்கவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு டெராமானின் கண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்றே பார்த்தான்.

மலைப்பக்கம் சிறகடிப்பு கேட்டு ஓய்ந்தது. டெராமான் குனிந்து, மாமியாரின் கால்மாட்டு மண்ணைக் கையால் தட்டிக்கொண்டே இருந்தான்.