பூட்டுக்காரர் மகளின் உறுதிமொழி

அப்பாவின் கடைத் திறப்பன்று அக்கா வரவில்லை.

வேறொருவர் கடையிலேயே பூட்டு, சாவி வேலை பார்த்துத் தலை நரைத்தவர் அப்பா. ஒருவழியாகச் சொந்தமாக ஒரு கடை போட்டார். கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். சாவி வெட்டும் இயந்திரம், அரங்கள், சுவர் நிறைய இன்னும் பல் வெட்டாத சாவிகள். "டாக்டர் பொண்ணுதான் ஷட்டரைத் தூக்கப் போறா" என்று தெருவுக்கே தம்பட்டம் அடித்திருந்தார். எல்லோரும் கூடி நின்ற நேரத்தில் அக்காவின் போன் வந்தது.

"அப்பா, என்னால வர முடியல. நீங்களே திறந்துடுங்க."

"லீவு போட்டிருக்கேன்னு சொன்னியேம்மா?"

"போட்டிருக்கேன். ஆனா வர முடியாது. ஏன்னு மட்டும் கேக்காதீங்கப்பா."

அப்பாவே ஷட்டரைத் தூக்கினார். பாதியில் அது சிக்கிக்கொண்டது. பின்னாலிருந்து யாரோ, "பூட்டுக்காரருக்கே பூட்டா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் அக்காவிடம் நேராகப் பேசுவதில்லை. "டாக்டரம்மாவுக்குச் சோறு போடு" என்று அம்மாவிடம் சொல்வார். ஒருநாள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "பூட்டுக்காரன் மகள்னு சொல்லிக்க வெக்கமா இருந்திருக்கும். படிச்சவங்க பாரு" என்றார். அக்காவின் கண் நிறைந்துவிட்டது. அப்போதும் வாய் திறக்கவில்லை. எனக்கே கோபம் வந்தது. அப்படி என்ன பெரிய ரகசியம்?

எங்கள் கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அக்கா பட்டம் வாங்கும்போது படித்த உறுதிமொழி தொங்குகிறது. மாட்டியவர் அப்பாதான். மொழிபெயர்ப்பு நாவல்களே கதி என்று கிடக்கும் நான், அதை மாட்டிய அன்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். "இது கிரேக்கத்துலேருந்து வந்ததுப்பா. ஹிப்போக்ரடீஸ்ங்கிற வைத்தியர் பேர்ல வழங்குற உறுதிமொழி. ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல ஆச்சு."

"அப்ப என்ன சொன்னாங்களாம்?"

பழைய வடிவத்தைத் தேடிப் படித்துக் காட்டினேன். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நோயாளியின் நன்மைக்காகவே நுழைவேன். அங்கே பார்ப்பதையும் கேட்பதையும் வெளியே சொல்லமாட்டேன். அப்பா துள்ளி எழுந்தார். "அட, இது நம்ம தொழில் மாதிரியில்ல இருக்கு!"

உண்மைதான். எத்தனையோ வீடுகளின் கதவை அப்பா திறந்துவிட்டிருக்கிறார். உள்ளே என்ன கண்டார் என்று ஒரு சொல் வந்ததில்லை. அவருடைய தங்கை, பக்கத்துத் தெருவில் தனியாகத் தையல்கடை வைத்திருக்கும் எங்கள் அத்தை, "மாடி வீட்டைத் திறந்தியாமே அண்ணே, உள்ள என்ன இருந்துச்சு?" என்று துளைத்தெடுப்பாள். "கதவு இருந்துச்சு" என்பார் அப்பா.

அத்தை நேர்மாறு. காதில் விழுந்தது வாய்க்கு வர ஊசியில் நூல் கோக்கும் நேரம்கூட ஆகாது. கடைத் திறப்பன்று அவளும் இல்லை. சீருடைத் துணி எடுக்க வெளியூர் போகிறேன் என்று முதல் நாளே கிளம்பியிருந்தாள். திரும்பி வந்தபோது பாதியாக இளைத்திருந்தாள். "பஸ்ல அலைச்சல்" என்றாள்.

அந்த அத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். நான் மூலையில் புத்தகத்தோடு இருந்தேன். சாவிக்காக இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"அண்ணே, இவகிட்டப் பேசமாட்டேங்கிறியாமே? உன் பொண்டாட்டி இன்னிக்குத்தான் சொன்னா."

"வேலை நடக்குது. அப்புறம் பேசு."

"அப்புறம்லாம் இல்ல. கடை திறந்த அன்னிக்கு நான் எந்த ஊருக்கும் போகல. இவ ஆஸ்பத்திரியில கிடந்தேன். கர்ப்பப்பையில கட்டி. அன்னிக்குத்தான் ஆபரேஷன்."

அப்பா இயந்திரத்தை நிறுத்தினார்.

"உன்கிட்ட சொன்னா கடையைத் தள்ளிப் போட்டுட்டு வந்து நிப்ப. என் புருஷன் போனப்ப ஒரு தடவை, எனக்குக் கால் உடைஞ்சப்ப ஒரு தடவை தள்ளிப் போட்டவன்தானே நீ? அதான் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு இவகிட்ட சொன்னேன். என்னை உள்ள கொண்டுபோறப்ப கையைப் பிடிச்சிருந்தா. கண் முழிச்சப்பவும் பிடிச்சிருந்தா. திறப்பு விழாவுக்குப் போடின்னேன். போகல."

அப்பா திரும்பி அக்காவைப் பார்த்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு நேராகப் பேசினார். "கெட்ட கட்டியாம்மா?"

"அத்தைகிட்டயே கேளுங்கப்பா" என்றாள் அக்கா.

"பாத்தியா! நானே போட்டு உடைச்சப்புறமும் வாயைத் திறக்கிறாளா பாரு! கெட்ட கட்டி இல்ல அண்ணே, சாதாரணக் கட்டிதான். உன் பொண்ணுதான் கெட்டி."

காத்திருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கோ ஒரு கிரேக்கத் தீவு, வெள்ளைக் கல், கடல் காற்று, குருவின் முன் கைநீட்டிச் சத்தியம் செய்யும் மாணவர்கள். அவர்கள் சாட்சிக்கு அழைத்த தெய்வங்களை இன்று யாரும் கும்பிடுவதில்லை. அவர்கள் சொன்ன சொல் மட்டும் எத்தனையோ நாடுகளையும் மொழிகளையும் தாண்டி வந்து, எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால், திட்டு வாங்கிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தது. நான் நாவல்களில் தேடிய ஆட்களில் ஒருத்தி எனக்கு எதிரிலேயே சாப்பிட்டிருக்கிறாள்.

அப்பா அரத்தைக் கீழே வைத்தார். "எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க" என்று எங்களைத் தெருவுக்கு அனுப்பினார். ஷட்டரை இழுத்துக் கீழே விட்டுப் பூட்டினார்.

"என்ன அண்ணே, கோவமா?" என்றாள் அத்தை.

"உன்மேல இருக்கு. அதை வீட்டுல வெச்சுக்கிறேன்."

சாவியை அக்காவின் கையில் வைத்தார். பிறகு பக்கத்துக் கடைகளுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "இவ என் பொண்ணு. பூட்டுக்காரன் பொண்ணு!"

அக்கா அழுதுகொண்டே குனிந்து பூட்டைத் திறந்தாள். இந்த முறை ஷட்டர் சிக்கவில்லை.

"ஏங்க, என் சாவி?" என்றார் காத்திருந்தவர்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் அப்பா, கண்ணைத் துடைத்தபடி. "இப்பத்தானே கடை திறந்திருக்கோம்."