பிழைத்த டாலியாக்கள்

“இந்த வருஷம் கண்காட்சி அட்டையில அம்மா பேரை எழுதுங்கப்பா.”

இதை மட்டும் கேட்காதே என்று அம்மா சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டேன். அதுவும் ஞாயிறு மதியச் சாப்பாட்டில், மலர்க் கண்காட்சிச் செயலாளர் கென்னத் எதிரில்.

அப்பா இறைச்சி அறுத்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார். “வீட்டுல முதல் பட்டதாரி பேசுறாங்க. கேட்டுக்கோ கென்னத்.”

கென்னத் சிரித்தார். எங்கள் ஊரான பார்ன்ஸ்லியின் குளிரில் டாலியாப் பூச்செடிகளை வெளியிலேயே விட்டுப் பிழைக்க வைத்தது எப்படி என்று தோட்டக்காரர் கிளப்பில் பேச அப்பாவை அழைக்க வந்திருந்தார்.

உறைபனி இலையைக் கருக்கியதும் டாலியாக் கிழங்குகளைத் தோண்டி, காகிதத்தில் சுற்றிக் கொட்டகையில் வைக்க வேண்டும். மண்ணிலேயே விட்டால் குளிரில் அழுகிவிடும்; எங்கள் ஊரில் வேறு வழியில்லை. இத்தனை வருஷமாக அதைச் செய்தது அம்மா. போன இலையுதிர் காலத்தில் இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தாள். அப்பா குனிந்து தோண்டவில்லை. தெருவில் பெருக்கிய இலைகளையும் டாலியாப் பாத்தி மேலேயே கொட்டினார். ஜனவரியில் மண் கல்லாக இறுகியது. “நீ படுத்துக்கிட்டே, உன் செடியெல்லாம் செத்துப்போச்சு” என்று அவளிடமே சொன்னார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மே மாதம் அங்கே அவரைக்காய் விதை ஊன்றலாமென்று அழுகிய இலையை விலக்கினேன். டாலியா முளைகளின் சிவந்த மூக்குகள் மண்ணைக் கிழித்துக்கொண்டு நின்றன.

“இலைப் போர்வை. என் முறை அது” என்றார் அப்பா, இப்போது சாப்பாட்டு மேசையில் கென்னத்திடம்.

“முறையா? குப்பைமேடு வரைக்கும் நடக்கச் சோம்பேறித்தனம்.”

“வாயைப் பாரு!”

“எங்க வீட்டுலயும் என் மனைவிதான் வளர்ப்பா, பரிசு என் பேர்ல வரும்” என்றார் கென்னத், உருளைக்கிழங்கைக் குத்தியபடி. “இதுல என்னம்மா சண்டை?”

“அம்மா, நீ சொல்லு. யார் செடி?”

அம்மா தட்டை விட்டுத் தலை தூக்கவில்லை. “விடுடி ஹெய்லி. அவரோடதாவே இருக்கட்டும். சாப்பாடு ஆறுது.”

அவரைவிட அவள் மீதுதான் எனக்குக் கோபம் பொங்கியது.

“கேட்டியா?” அப்பாவுக்கு வெற்றிச் சிரிப்பு. “நீ இதுவரைக்கும் ஒரு செடி நட்டிருக்கியாடி?”

“குழி வெட்டியிருக்கேன். லீட்ஸ்ல, நான் இருக்கிற வீட்டுப் பின்னால, நேத்தே. எல்லாக் கிழங்குக்கும். செப்டம்பர்ல அங்க நடக்கிற கண்காட்சிக்குப் பேரும் குடுத்தாச்சு. டோரீன் ஹாட்ஜ்சன். அம்மா பேரு.”

“என் நிலத்துல கை வெச்சுப் பாரு!”

கென்னத் மெல்லுவதை நிறுத்தினார். அம்மா என் கையைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டேன். மண்வெட்டி காரில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு டாலியாப் பாத்திக்குப் போனேன்.