இழவு வீட்டின் முதற்குரல்

மேற்கே வெள்ளியங்கிரி முகடுகளில் கதிரவன் சாய, பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்த குளிர்காற்று கோவை மாநகரின் புழுதியை அளைந்து, பீளமேட்டுப் பழைய பஞ்சாலைகளின் புகைபோக்கிகளைத் தழுவி, கல்லூரி விட்டுத் திரளாய் வெளிவரும் மாணாக்கரின் தலைமயிரைக் கலைத்து விளையாடும் மாலைப்பொழுது அது. அவ்வேளையில், அன்புடையீர், பெருஞ்சாலையின் இரைச்சல் மதிலுக்கு வெளியே நின்றுவிட்ட கல்லறைத் தோட்டத்தில், நேசமலர் என்னும் நற்பெண்மணி தன்னோடு வந்திருந்த கணவர் அருள்குமாரின் அருகே அமர்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

சாவை அஞ்சி அழுதவளல்லள் அவள். அவள் சார்ந்த திருச்சபையில் எவர் இல்லத்தில் உயிர் பிரிந்தாலும், உடலின் தலைமாட்டில் அமர்ந்து முதற்பாட்டை எடுத்துக்கொடுப்பவள் இளமை தொட்டே அவள்தான். அவள் எடுக்காதவரை, பண் பிசகிவிடுமோ என்றஞ்சி மற்றவரெல்லாம் வாயைத் திறவாமல் அவள் முகத்தையே பார்த்திருக்கும் அழகு, இழவு வீடென்றும் பாராமல் நமக்குச் சிரிப்பை மூட்டும். அத்தகையவளின் குரல்வளையில் புற்றுநோய் புகுந்தது. குரல்வளையை அகற்றினால் பிழைக்கலாம், இல்லையேல் பிழைப்பது அரிது என்று மருத்துவர் கூறிவிட, அவளோ அறுவைக்கு இசைய மறுத்துவிட்டாள்.

"ஏனுங்க, பாடறதுக்குத்தானுங்க ஆண்டவரு என்னைய வெச்சிருக்காரு. அது போனதுக்கப்புறம் நான் எதுக்குங்க?" என்றாள் கணவரிடம்.

அருள்குமார் கடைசல் பட்டறையில் உழைப்பவர், பேசிப் பழகாதவர். எதிரே பாசி படர்ந்திருந்த கல்லறையொன்றைக் கைகாட்டினார். அங்கே துயில்பவர் ஞானமுத்து என்னும் பழைய திருச்சபை ஊழியர். நோயுற்றோர்க்குத் திருமறை வாசித்துக்காட்டுவதையே வாழ்வாகக் கொண்டிருந்தவர், இடைவயதில் கண்ணொளி இழந்தார். அதன்பின்னும் மனைவியின் தோளைப் பற்றியபடி நொய்யற்கரை ஊர்களுக்கு நடந்து சென்று, வாசிக்க இயலாமையால், நோயாளிகள் சொல்வதைப் பொறுமையாய்க் கேட்டிருந்து, அவர்களுக்காக வேண்டிக்கொண்டு திரும்பினார். அவர் வாசித்ததைவிடக் கேட்டதையே ஊரார் நெடுநாள் பேசினர்.

"கண்ணு போயுங்கூட அந்த மனுசன் ஊட்டுல உக்காரலையே, அம்மணி. பாட்டு போனாப் போகட்டும். எனக்கு நீ வேணும்" என்றார்.

மனத்தில் இருந்ததை இத்துணை நேராய் அவர் சொல்லி அவள் கேட்டதில்லை. அக்கல்லறையை நோக்கியவள், அறுவைக்கு இசைந்து தலையசைத்தாள்.

அறுவை முடிந்தது, உயிர் நின்றது, குரல் போயிற்று. திங்கள் சில கழிய, பள்ளியாசிரியர் தேவநேசன் மாரடைத்து இறந்தாரென்ற செய்தி வந்தது. மூச்சுக்கென அறுவையில் இட்ட கழுத்துத் துளையை மெல்லிய துணியால் மறைத்துக்கொண்டு நேசமலர் புறப்பட்டாள். அவள் நுழைந்ததும் பழக்கத்தால் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தனர். பார்த்தபின் நினைவு வந்து, நாணித் தலைகுனிந்தனர். எவரும் பாடவில்லை.

"அக்கா, ஒருத்தருமே பாட மாட்டேங்கறாங்களே. பாட்டில்லாமயே இவரை அனுப்பிப்போடறதுங்களா?" என்று தேவநேசனின் மனைவி கனகம் கதறினாள்.

நேசமலர் அவளருகே அமர்ந்தாள். கனகத்தின் கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்து, அதன்மேல் தன் உள்ளங்கையால் மெல்லத் தாளமிட்டாள். அவள் இதழ்கள் ஒலியின்றி ஒரு பாட்டின் முதலடியை உருவாக்கின. கனகம் அவ்விதழ்களை உற்றுப் பார்த்தாள். ஆலயத்திலும் முணுமுணுத்தே பழகிய அம்மாதரசி, மூச்சை இழுத்து, உடைந்த குரலில், பண் பிசகிப் பாடத் தொடங்கினாள். பின்னிருந்தோர் தொடர்ந்தனர், வாயில்வரை பாட்டு நிறைந்தது.

நாம் மாண்டுபோவோர், நம் குரல் நமக்கு முன்னே மாண்டுபோதலும் உண்டு. ஆயினும் இறைவன் தன் புகழ்ப்பாட்டை ஒருவர் வாயோடு முடித்துவிடுவதில்லை. கணவரைப் பறிகொடுத்த கனகம் அன்று அவர் தலைமாட்டில் அமர்ந்து கடைசிப் பாட்டுவரை தானே எடுத்துக்கொடுத்தாள். நேசமலர் அவள் இதழ்களைப் பார்த்து, ஒலியின்றித் தொடர்ந்து பாடினாள்.