தொட்டி கழுவிய தண்ணீர்

விடிந்து பல் துலக்கிய கையோடு வைத்தியலிங்கம் மேட்டு வயலுக்குப் போய்விடுவார். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்திருந்த சாத்தையாவின் செம்மறி ஆடுகள் இராத்திரியெல்லாம் அங்கே கிடை கிடந்து, மண் தெரியாதபடி புழுக்கை போட்டிருந்தன. வைத்தியலிங்கம் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார். மூத்திரக் காரம் சுரீரென்று ஏறியது. முகம் மலர்ந்தது. இதை உழுது ஆறப்போட்டு ஆடியில் தக்காளி நட்டால், காய் கெட்டியாகத் திரண்டு வரும். ஒரத்தநாட்டுச் சந்தையில் இவர் கூடையை இறக்குவதற்கு முன்பே வாங்குகிற ஆள் வந்து நிற்கும்.

"என்ன சாத்தையா, இன்னைக்குக் கெடை வலையை அந்தக் கோடிக்கு மாத்திரலாமா?"

"மாத்திரலாம்ங்கய்யா. இங்க ஆடு நல்லா அசை போட்டுப் படுக்குது."

அடுப்பில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்த சாத்தையாவின் மனைவி பொன்னுத்தாய் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "படுக்காம என்ன? போன ஊர்ல நெலக்காரரு காவலுக்கு இருந்தவுகளுக்கு ஒரு வாய் காப்பித்தண்ணி தரல. அங்க எங்க ஆடுகூடப் புழுக்கையைச் சிக்கனமாத்தான் போட்டுச்சு."

வைத்தியலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். வேறொரு ஊருக்குப் போகவிருந்த கிடையைத் தானே தேடிப்போய் அழைத்து வந்தவர் அவர். "என் எல்லைக்குள்ள இருக்கிற வரைக்கும் உன் ஆட்டுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லித்தான் அழைத்தார். ஊர் ஊராகப் போகும் கிடைக்காரனுக்கு நிலமும் இல்லை, சாய்ந்துகொள்ளச் சுவரும் இல்லை. நிலக்காரனின் வாய்ச்சொல் ஒன்றுதான் பிடிமானம். அது வைத்தியலிங்கத்தின் சொல் என்றால் இரும்பு என்று அக்கம்பக்கத்தில் பேர்.

வறண்ட வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தம்பி கோவிந்தராசுவின் பசுமைக்குடில் வெள்ளையாக மின்னியது. அரசு மானியத்திலும் வங்கிக் கடனிலும் எழுந்தது அது. உள்ளே தக்காளிக் கொடிகள் கயிறு பிடித்து ஏறி நின்றன. தொட்டியில் உரத்தைக் கரைத்துத் திறந்துவிட்டால், சொட்டுக் குழாய் வழியாக ஒவ்வொரு வேருக்கும் போய்ச் சேரும். அளவறிந்து கொடுத்தால் அருமையான முறைதான். ஆனால் கோவிந்தராசு நெல்லில் பழகிய கை. நெல்லில் இலை கறுத்தால் விவசாயிக்குச் சந்தோஷம். அதே கண்ணோடு தக்காளியைப் பார்த்து யூரியாவைக் கூட்டிக்கொண்டே போனான். கொடி ஆளை மறைத்தது, இலை கருகருவென்று தழைத்தது, பூவைத்தான் காணோம்.

"என்னடா, கீரை போட்டிருக்கியா?" என்று அண்ணன் கேட்டதற்கு, "உங்க ஆட்டுப் புழுக்கைக் காலம் போயிடுச்சுண்ணே, இருந்து பாருங்க" என்று தம்பி சிரித்தான். இருவருக்கும் இடையில் கேலி உண்டு, மனக்கசப்பு கிடையாது. தகப்பனார் போன பிறகு தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர் வைத்தியலிங்கம். அவன் தன்னிடம் பொய் சொல்வான் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அன்று வெயில் ஏறிய நேரத்தில் பொன்னுத்தாயின் கூச்சல் கேட்டது. வைத்தியலிங்கம் ஓடிப்போய்ப் பார்த்தபோது, வாய்க்கால் கரையில் ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளி, கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. நிற்கிற ஆடுகளும் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கின. சாத்தையா ஒரு குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, எதைச் செய்வது என்று தெரியாமல் அதன் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஒரத்தநாட்டிலிருந்து கால்நடை மருத்துவர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான். "இங்க யாராவது யூரியா கரைச்ச தண்ணியை வெளியில விட்டீங்களா? சட்டுனு சொல்லுங்க. அதுதான்னா வினிகரைத் தண்ணியில கலந்து உடனே ஊத்தணும். வேற வெசம்னா வேற மருந்து."

கூடியிருந்தவர்களின் கண்கள் பசுமைக்குடில் பக்கம் திரும்பின. கோவிந்தராசு முன்னால் வந்தான். "நாங்க உரம் விட்டே ஒரு வாரம் ஆச்சு சார். எங்கயாவது சோளத் துளிரை மேஞ்சிருக்கும், அதுவும் வெசம்தானே."

மருத்துவர் வைத்தியலிங்கத்தைப் பார்த்தார்.

"எந்தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும். எங்க வீட்டுல பொய் சொல்ற பழக்கம் இல்ல" என்றார் வைத்தியலிங்கம், நெஞ்சை நிமிர்த்தி.

மருத்துவர் அந்தச் சொல்லை நம்பி, விஷத்துளிருக்கான ஊசியைப் போட்டார். அந்த மருந்து கேட்கவில்லை. உச்சிப்பொழுதுக்குள் கிடையில் பாதிக்குமேல் அடங்கிவிட்டது. சந்தேகம் தீராத மருத்துவர், கல்லூரியில் சோதிக்க செத்த ஓர் ஆட்டின் குடலிலிருந்து கொஞ்சம் இரையை எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் பிடாரி கோயில் வாசலில் ஊர் கூடியது. ஊருக்குப் பெரியவராக இருந்த வைரக்கண்ணு விசாரித்தார்.

"ஆடுக வாய்க்காப் பள்ளத்துல கெடந்த தண்ணியைத்தான் குடிச்சதுங்க" என்றார் சாத்தையா. "நான் என் கண்ணால பார்த்தேன்."

"சித்திரை மாசம் வாய்க்கால்ல ஏதுய்யா தண்ணி?" என்று ஒருவர் கேட்க, சிலர் சிரித்தார்கள். போய்ப் பார்த்தவர்களும் பள்ளம் காய்ந்து கிடப்பதாகச் சொன்னார்கள். கொஞ்சநஞ்சம் மிஞ்சியதைக் கோடை மண் குடித்துவிட்டிருந்தது.

பொன்னுத்தாய் கூட்டத்தின் நடுவில் வந்து நின்றாள். "நான் ஒண்ணு கேக்கறேன். வந்த நாள்லேருந்து இந்தக் குடில்காரரு வீட்டுச் செவலை மாடு எங்க ஆடுகளோடதான் அந்த வாய்க்கால்ல மேயும். இன்னைக்கு மட்டும் அது எங்க போச்சு?"

"ஏம்மா, மாட்டுக்கு லீவு விட்டிருப்பாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் சிரித்தது. கோவிந்தராசு சிரிக்கவில்லை. "நாடோடி வந்து நம்ம வீட்டு மானத்தைக் கூறுபோடுறா, நீங்க பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களேண்ணே" என்று அண்ணன் காதருகே சொன்னான்.

மானம் என்ற சொல் வைத்தியலிங்கத்துக்குச் சும்மா இல்லை. அவருடைய தகப்பனார் வீரையன் மிராசுதாரிடம் குத்தகைக்கு உழுதவர். உழுகிறவன் பெயரைப் பதிவு செய்யவேண்டும் என்று சட்டம் வந்தபோது, "வீரையன் என் நிலத்தில் ஏர் பூட்டினதே இல்லை" என்று அந்த மிராசுதார் இதே கோயில் வாசலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். உண்மை தெரிந்த பண்ணை ஆட்கள் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். பிறகு கொடி பிடித்து, சிறை போய், தாசில்தார் அலுவலகத்தில் தவம் கிடந்துதான் வீரையன் அந்த நிலத்தைப் பெற்றார். நிலத்தோடு பிள்ளைகளுக்கு அவர் விட்டுப்போனது சொல் சுத்தம் ஒன்றுதான்.

வைத்தியலிங்கம் துண்டை இடுப்பில் கட்டினார். பிடாரி முன்னால் கற்பூரம் ஏற்றச் சொன்னார். "என் குடும்பத்து நிலத்துலேருந்து இந்த ஆடுகளுக்கு எந்தத் தீங்கும் வரல. இது சத்தியம்" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

அதற்குமேல் பேச்சு ஏது? ஊர் கலைந்தது. சாத்தையா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "உங்க சொல்லை நம்பி வந்தேங்கய்யா. உங்க சொல்லாலயே போறேன். காலையில கெடையைக் கிளப்பிருறோம்" என்றார்.

வைத்தியலிங்கத்துக்கு வீட்டுக்கு நடக்க நடக்க, பொன்னுத்தாய் கேட்ட கேள்வி காலில் முள்ளாக ஏறிக்கொண்டே வந்தது. நேரே தம்பி வீட்டுக் கொல்லைக்குப் போனார். செவலை மாடு முளையில் நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. தம்பி மனைவி அம்சம் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, மாட்டை இன்னைக்கு அவுக்கலையா?"

"இல்ல மாமா. அவுங்கதான் காலங்காத்தால கட்டிப் போடச் சொன்னாங்க. தொட்டியைக் கழுவி வாய்க்கால்ல விட்டிருக்கேன், யூரியாத் தண்ணி, மாடு வாய வச்சிறப் போவுது, பத்திரம்னாங்க." சொல்லி முடிப்பதற்குள் மாமாவின் முகத்தைப் பார்த்து, அம்சம் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். "ஏன் மாமா? அப்ப அந்த ஆடுக..."

வைத்தியலிங்கம் விடுவிடுவென்று வயலுக்கு நடந்தார். பசுமைக்குடிலுக்குள் கோவிந்தராசு ஓரம் கருகிய இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தான். அண்ணன் வந்து நின்ற நிலையைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

"கரைசல் ரொம்பக் கனமாயிடுச்சுண்ணே. எலையெல்லாம் எரிய ஆரம்பிச்சிடுச்சு. அவசரத்துல தொறந்து விட்டுட்டேன். ஆடு அந்தப் பக்கம் வரும்னு சத்தியமா நெனைக்கல."

"மாடு வரும்னு நெனைச்சியே?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"டாக்டர் கேட்டாரேடா. முகத்துக்கு நேரா நின்னு கேட்டாரே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"ஊரே நின்னு பார்க்குது. லோன் இருக்கு, காய் எடுக்கிறேன்னவங்க விட்டுட்டுப் போயிருவாங்க. பயந்துட்டேண்ணே. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்பிருவாங்கன்னுதான்..."

வைத்தியலிங்கம் பக்கத்திலிருந்த இரும்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். ஆடு செத்ததைவிட, தொட்டியைத் திறந்ததைவிட, இந்த வார்த்தைதான் அவரைச் சாய்த்தது. தோளில் தூக்கி வளர்த்த தம்பி, அவருடைய நாக்கை எடுத்துத் தன் தப்புக்கு மூடியாகப் போட்டிருக்கிறான். அவரும் ஒன்றும் விசாரிக்காமல், ரத்தம் என்ற ஒரே காரணத்துக்காக அதைக் கொடுத்திருக்கிறார்.

"அப்பாவை வாசல்ல நிறுத்தி வச்சு அந்த மிராசுதார் அடிச்ச கற்பூரத்தைத்தான்டா இன்னைக்கு நான் அடிச்சேன்" என்றார்.  "நிலம் நம்ம கைக்கு வந்துச்சு. அந்தாளு புத்தியும் கூடவே வந்துடுச்சு."

மறுநாள் காலை அவரே வீடு வீடாகப் போய் ஊரைக் கூட்டினார். கிளம்பத் தயாராக நின்ற சாத்தையாவையும் பொன்னுத்தாயையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கோயில் வாசலுக்கு அழைத்து வந்தார். வழியெல்லாம் கோவிந்தராசு பின்னாலேயே வந்தான்.

"அண்ணே, கேளுங்க. அவங்களுக்கு ரகசியமா ஆடு வாங்கிக் குடுத்துருவோம். ஊர் நடுவுல வச்சுச் சொன்னா நம்ம குடும்ப மானம் என்னாகும்?"

வைத்தியலிங்கம் நிற்கவில்லை. கூட்டத்தின் முன்னால் போய், மேல் துண்டை எடுத்துத் தரையில் வைத்தார். யாருக்கும் தலை வணங்காத மனிதர் அப்படி நின்றதை அந்த ஊர் பார்த்ததில்லை.

"நேத்து நான் அடிச்ச கற்பூரம் பொய்" என்றார். "எங்க தொட்டித் தண்ணியைக் குடிச்சுத்தான் இந்த ஆடுக செத்துச்சு. எந்தம்பிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ஆனா தெரிஞ்சுக்காம சத்தியம் பண்ணினது என் குத்தம். செத்த ஒவ்வொரு ஆட்டுக்கும் நாங்க ஆடு வாங்கித் தர்றோம். அதுக்கு என் பங்கு நிலத்தை விக்கணும்னாலும் விப்பேன்."

 நேற்று மாட்டுக்கு லீவு என்று கேலி செய்தவன் எங்கே நிற்கிறான் என்றே தெரியவில்லை. வைரக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெரிய மனசு வைத்தியலிங்கம்" என்று தொடங்கினார்.

"பெரிய மனசா?" பொன்னுத்தாய் குறுக்கே வந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. "ஆட்டுக்கு ஆடு தருவீக, வாங்கிக்கிறோம். எங்களுக்குப் பொழைப்பு அதுதான். ஆனா டாக்டரு கேட்டாரே, அப்ப ஒத்தை வார்த்தை சொல்லியிருந்தா பாதி ஆடு எந்திரிச்சு நின்னுருக்கும்ல? வெசம் குடிச்சுச் செத்தது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் உங்க வீட்டு மானத்துக்குல்ல செத்துச்சு."

சாத்தையா அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் நகரவில்லை. வைத்தியலிங்கத்தின் பதிலுக்காகக் காத்து நின்றாள். கோவிந்தராசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அண்ணன் பக்கத்தில், தானும் துண்டை எடுத்துத் தரையில் போட்டான். 

வைத்தியலிங்கம் தம்பியைப் பார்க்கவில்லை. ஊரைப் பார்த்தார்.

"இந்தம்மா சொன்னது அத்தனையும் சரி. எல்லாரும் கேட்டுக்குங்க. பயிருக்கு உரம் போடுங்க, வேணாம்னு சொல்லல. வயல்ல போட்டாலும் சரி, குடிலுக்குள்ள போட்டாலும் சரி, அளவோட போடுங்க. மிஞ்சின தண்ணியை உங்க நிலத்துக்குள்ளயே குழி வெட்டி, மூடி வச்சு விடுங்க. பொது வாய்க்கால்ல எவன் வீட்டு உசிரு வந்து வாய வைக்கும்னு நமக்குத் தெரியாது. கை தவறி விட்டுட்டா, ஓடிப்போய்ச் சொல்லுங்க. தப்பைச் சொல்றவன் வீட்டுல மானம் போகாது. தப்பு மேல மானத்தைப் போட்டு மூடுறவன் வீட்டுலதான், முதல்ல அடுத்தவன் உசிரு போகும், அப்புறம் அந்த மானமும் போகும்."