எண்ணெயோடு ஸ்கேனுக்குப் போனவர்

என் புருஷன் முத்துராஜுக்கு எதிலும் அவசரம். ஸ்கேன் எடுக்கும் முன்பே நல்ல முடிவுதான் வரும் என்று தீர்மானித்து, விடியற்காலையில் குற்றாலத்துக்குப் போய் மசாஜ்காரரிடம் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு எங்கள் ஊர் இலஞ்சிக்குத் திரும்பினார். அதன் மேலேயே வெள்ளைச் சட்டை வேறு.

"ஸ்கேன் முடிஞ்சதும் நேரா அருவிக்குப் போயிருதேன். அங்கன போயி வேற தேய்ச்சிட்டு இருக்கணுமா?" என்றார். எனக்கு வந்ததே கோபம்!

விஷயம் விளையாட்டு இல்லை. இதயத்திலிருந்து நெஞ்சு வழியாகக் கீழே இறங்கும் பெரிய ரத்தக்குழாய் அவருக்குப் பிறவியிலேயே ஓரிடத்தில் சுருங்கியிருந்தது. சின்ன வயதில் ஆபரேஷன் செய்து சரிசெய்தார்கள். இப்போது பிரஷர் ஏறவே, மறுபடி சுருங்கிவிட்டதோ என்று டாக்டர் கல்யாணசுந்தரிக்குச் சந்தேகம். அந்த இடத்தில் ரத்தம் எவ்வளவு, என்ன வேகத்தில் ஓடுகிறது என்று எம்.ஆர்.ஐ.யில் அளந்து பார்க்க வேண்டும். ஓட்டம் குறைவென்றால் மறுபடி ஆபரேஷன். அதுவரை ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அருவி கூடவே கூடாது. சாரல் சீசனே பாதி போய்விட்டது.

தென்காசி ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன் ஜெபஸ்டின் அவர் நெஞ்சில் இ.சி.ஜி. ஸ்டிக்கரை ஒட்டினார். வழுக்கி விழுந்தது. இன்னொன்றை ஒட்டினார். அதுவும் விழுந்தது.

"என்ன அண்ணாச்சி இது? இதயத் துடிப்போட சேர்ந்துதான் மெஷின் படம் பிடிக்கும். இது ஒட்டலேன்னா ஸ்கேனே கெடையாது."

"அருவிக்குப் போணும்லா தம்பி..."

ஜெபஸ்டின் என்னைப் பார்த்தார். "அக்கா, குளிப்பாட்டிக் கூட்டிட்டு வாங்க."

சென்டர் பாத்ரூமில், கை கழுவும் சோப்பைப் போட்டு எருமை மாட்டைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தேன். வாய் பாட்டுக்குத் திட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பயமா இருந்துச்சு, ஏட்டி. எண்ணெ தேய்ச்சுட்டா அருவிக்குப் போயித்தானே ஆகணும், அப்ப ஸ்கேனும் நல்லா வந்துரும்லான்னு..." என்றார். திட்டுவதை விட்டுவிட்டு மெல்லத் தண்ணீர் ஊற்றினேன். என் பயத்தை நான் எங்கே போய்ச் சொல்வது?

இந்த முறை ஸ்டிக்கர் ஒட்டியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னை உட்கார வைத்தார்கள். மைக்கில் ஜெபஸ்டின் "மூச்ச அடக்குங்க" என்னும்போதெல்லாம் நானும் அடக்கினேன். திரையில் ரத்தம் கறுப்பும் வெள்ளையுமாகத் துடித்தது. நல்லதா, கெட்டதா என்று ஒரு எழவும் புரியவில்லை.

சாயங்காலம் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சிரித்தார். "ரத்தம் தடையில்லாம நல்லாப் போகுது. ஆபரேஷன் வேண்டாம். பிரஷருக்கு மாத்திரை மட்டும் போதும்."

"அருவி, டாக்டர்?" என்றார் இவர்.

"தாராளமா. இனிமே எந்தக் கட்டுப்பாடும் இல்ல."

வெளியே வந்தால் குற்றாலம் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டம் பிடித்தார். "ஓடாதீங்க!" என்று கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். சத்தம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.

"எனக்கும் சேத்து எடம் பிடிங்க!" என்று கத்திக்கொண்டே நானும் ஓடினேன்.