ஊர்க் கிணற்று மனு

செத்துப்போன கணக்குப்பிள்ளையின் பெட்டியை சவுரியப்பன் வாத்தியார் சாவடியில் வைத்துத் திறந்தது நாற்பத்தேழாம் வருஷம், தை மாதம். காணாமல்போன மாட்டுக்குப் புகார், அம்மை கண்ட வீடுகளின் பட்டியல், எல்லைச் சண்டைக் கடுதாசி எல்லாம் அதில் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒன்றை எடுத்து ஊருக்கு வாசித்துக் காட்டி, நூல் கட்டிச் சுவர் ஆணியில் தொங்கவிடுவார். காகிதம் என்றாலே எனக்கு ஆகாது. என் பங்காளி பச்சியப்பன் போகிறானே என்றுதான் நானும் போனேன்.

மூன்றாம் வாரம் ஊர்க் கிணறு கேட்டு முப்பத்தாறில் எழுதிய மனுவின் நகல் வந்தது. நகலிலும் நாற்பத்திரண்டு பேர் கைநாட்டு வைத்திருந்தார்கள். "மொதல் கைநாட்டு பச்சியப்பனுதுங்க" என்றார் வாத்தியார். ஊரே அவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டான்.

எனக்கு வயிறு எரிந்தது. பதினெட்டடியில் பாறை வந்தபோது கடப்பாரையோடு உள்ளே இறங்கியவன் நான். கால் பெருவிரல் நகம் அங்கேதான் போனது. இவன் மேலே குடை பிடித்து நின்றான்.

"வாத்தியாரே, அதுல ஒரு மூலையில நானும் வெரல வெச்சுடறேனுங்க. மை குடுங்க."

"பழைய காகிதத்துல புதுசா ஒண்ணும் சேக்கக் கூடாதுங்க."

பச்சியப்பன் சும்மா இருப்பானா? "ஏன்டா மாது, அன்னிக்குக் கூப்புட்டப்ப, நெலத்த எழுதிக்குவாங்கன்னு மாட்டுக்கொட்டாயில போயி ஒளிஞ்சியே, மறந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் பெண்டாட்டி சின்னம்மாளும் சிரித்தாள்.

ஆணியில் மாட்டப்போன வாத்தியார் நின்றார். மனுவின் பின்பக்கத்தில் கணக்குப்பிள்ளையின் எழுத்து இருந்தது. வாசித்தார்: "குப்பன் மகன் மாது கைநாட்டு வைக்க மறுத்துவிட்டார். மூன்று முறை ஆள் அனுப்பியும் வரவில்லை. கிணறு வெட்டக் கடப்பாரையோடு முதல் ஆளாக வருவதாகவும், காகிதத்துக்கு மட்டும் வரமாட்டேன் என்றும் சொல்லி அனுப்பினார்."

"இன்னொருக்கா படிங்க" என்றேன். படித்தார்.

"அது உம்மேல குத்தம் எழுதுனதுடா" என்றான் பச்சியப்பன்.

"இருக்கட்டும். அப்பன் பேரோட மூணு வரி. உனக்கு வெறும் மைக்கறை."

அவன் முகம் சுண்டிப்போனது. "வாத்தியாரே, எனக்கும் ரெண்டு வரி எழுதுங்க" என்றான்.

"பழைய காகிதம்ங்க" என்றார் வாத்தியார்.

கைநாட்டுப் பக்கம் வெளியே தெரியும்படிதான் மனுவை மாட்டினார். மறுநாள் விடிந்ததும் சாவடிக்குப் போய் அதைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் பச்சியப்பனின் கைநாட்டு வெளியே தெரிகிறது. மறுபடி திருப்பினேன். இப்படியே மாசி மாதம் முழுவதும் போனது. பங்குனியில் நூல் அறுந்தது. புது நூலை நான்தான் வாங்கிக் கொடுத்தேன், கொஞ்சம் கெட்டியானதாக.